மென்பொருளுக்குப் பகடியா? வாடகையா?

கணிப்பொறியில் பில் போடும் நம் உறுப்பினர்கள் பலரும் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். முன்பெல்லாம் பில் போடும் மென்பொருளை ஒரு தொகை கொடுத்து வாங்கிப் போட்டால் அதோடு பேச்சு முடிந்தது. இப்போது கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகள் மாதம் இவ்வளவு, வருடம் இவ்வளவு என்று சந்தா பேசுகிறார்கள். "முதல் போட்டு வாங்கினால் பொருள் நம்முடையது. மாதாமாதம் கட்டினால் கடையை மூடும் வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே" என்கிறார் மளிகைக் கடை முதலாளி. "ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய்தானே அப்பா" என்கிறார் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மகன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இருவருமே விட்டுவிட்ட கணக்கும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரே தவணையில் பணம் கட்டினாலும் மென்பொருள் நமக்குக் கிரயம் ஆகிவிடுவதில்லை. நாம் வாங்குவது அதை உபயோகிக்கும் உரிமத்தை மட்டுமே. கடைத்தெருவில் நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால், இது பகடி கொடுத்துக் கடை எடுப்பதைப் போன்றது. கட்டடம் வேறொருவருடையது. உட்கார்ந்து வியாபாரம் செய்யும் உரிமை நம்முடையது. நினைத்தபோது யாரும் நம்மை எழுப்ப முடியாது. சந்தா என்பது பகடி இல்லாத வாடகை. உள்ளே நுழைவது சுலபம். வாடகை நின்ற மாதம் பூட்டு விழும். சிலர் 'வாழ்நாள் உரிமம்' என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைக் காட்டி விற்கிறார்கள். யாருடைய வாழ்நாள் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது கடைக்காரரின் வாழ்நாளும் அல்ல, கணிப்பொறியின் வாழ்நாளும் அல்ல. அந்தப் பதிப்பின் வாழ்நாள்தான்.

இந்த மாற்றம் நம் கடைத்தெருவில் தொடங்கியதல்ல. திருமண அழைப்பிதழும் கடை நோட்டீசும் அடிக்கும் அச்சகத்தாரைக் கேட்டால் கதை தெரியும். அவர்களில் பலர் பழகியது அடோபி நிறுவனத்தின் பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். ஒரு முறை வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தொழில் நடத்தினார்கள். அதே நிறுவனம் 2013 மே மாதத்தில், தன் முக்கியமான வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவுக்கு மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2011இல் ஆபீஸ் 365 என்ற சந்தா முறையைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு முறை வாங்கும் ஆபீசையும் அது கைவிடவில்லை. 2024இலும் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டது. நம் கடைகளில் அதிகம் புழங்கும் டாலி, 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்துடையது. அது இரண்டு வழியிலும் விற்கப்படுகிறது. நிரந்தர உரிமமும் உண்டு, வாடகை உரிமமும் உண்டு. நிரந்தர உரிமம் வாங்கியவர்களும் புதிய பதிப்பும் இணையவழிச் சேவைகளும் வேண்டுமானால் ஆண்டுதோறும் ஒரு புதுப்பித்தல் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மென்பொருள் நின்றுபோகாது. இருந்த இடத்தில் இருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் கணக்கு மென்பொருளோ இணையத்தில் இயங்குவது, சந்தா முறையில் வருவது. ஆக, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இரண்டு முறைகளும் கடைவாசலில் வந்து நிற்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலைகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே எந்த நிறுவனத்தின் விலையையும் எடுக்காமல், கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். நிரந்தர உரிமம் 20,000 ரூபாய். முதல் ஆண்டு புதுப்பித்தல் அதிலேயே அடக்கம். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 4,000. மற்றொரு பக்கம், மாதச் சந்தா 700 ரூபாய், ஆண்டுக்கு 8,400.

முதல் ஆண்டு முடிவில் பகடிக்காரர் கொடுத்தது 20,000, வாடகைக்காரர் கொடுத்தது 8,400. இரண்டாம் ஆண்டு முடிவில் 24,000க்கு 16,800. மூன்றாம் ஆண்டில் 28,000க்கு 25,200. நான்காம் ஆண்டில் 32,000க்கு 33,600. அதாவது நான்காம் ஆண்டில் தராசு முள் மறுபக்கம் சாய்கிறது. ஏழாம் ஆண்டு முடிவில் பகடிக்காரருக்கு ஆன செலவு 44,000, வாடகைக்காரருக்கு 58,800.

இதோடு நிறுத்தினால் நாம் வியாபாரிகள் அல்ல. முன்பணமாகப் போன தொகைக்கு வட்டி உண்டு. கொள்முதலுக்கு மாதம் ஒன்றரை வட்டிக்குப் பணம் புரட்டும் கடையில், இரண்டு முறைகளுக்கும் இடையே அவ்வப்போது நிற்கும் வித்தியாசத் தொகைக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தாலே, ஐந்தாம் ஆண்டு முடிவில்தான் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகின்றன. கையில் சும்மா கிடக்கும் பணத்தில் வாங்குபவருக்கு நான்கு ஆண்டு. கடன் வாங்கி வாங்குபவருக்கு ஐந்து ஆண்டு. இந்த ஓர் ஆண்டு வித்தியாசத்தை விற்பனைப் பிரதிநிதிகள் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே சொன்னது ஒரு கல்லா உள்ள கடையின் கணக்கு. பல சந்தாக்கள் ஒரு கணிப்பொறிக்கு, அல்லது ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கப்படுகின்றன. மூன்று கல்லா வைத்திருப்பவர் 700ஐ மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பல பேர் உபயோகிக்கும் நிரந்தர உரிமத்தின் விலையும் கூடுதல்தான். இரண்டுக்கும் எழுத்தில் விலை வாங்கி, மேலே காட்டியபடி ஆண்டுவாரியாக எழுதிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வரியின் பங்கும் எல்லோருக்கும் ஒன்றல்ல. மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சாதாரண முறையில் வரி கட்டுபவர்கள் இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் நம் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்கு 20,000 என்பது 23,600, 8,400 என்பது 9,912. வருமான வரியில் சந்தா முழுவதும் அந்தந்த ஆண்டுச் செலவு. நிரந்தர உரிமமோ சொத்தாகக் கருதப்பட்டு 40 சதவீதத் தேய்மானத்தில் ஆண்டாண்டாகக் கழியும். விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் எதுவும் இல்லை.

சட்டம் மாறும் வேகம்

பழைய நாளில் ஒரு மென்பொருளைப் பத்து வருடம் ஓட்ட முடிந்ததற்குக் காரணம், அதன் தரம் மட்டுமல்ல. வரிப் படிவங்கள் அவ்வளவு அடிக்கடி மாறவில்லை. 1990களில் உள்ளூர் இளைஞர் ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில்லிங் திட்டத்தை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு சேர்த்து வெகுகாலம் ஓட்டிய மண்டிகள் உண்டு. அந்த மென்பொருள் கெட்டுப்போகவில்லை. சுற்றியிருந்தவை மாறின. டாஸ் காலத்துத் திட்டங்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. எழுதிக் கொடுத்தவரும் வெளியூரோ வெளிநாடோ போயிருப்பார். ஒரு முறை வாங்கினால் போதும் என்று சொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதே நாளில் ஆபீஸ் 2016, 2019 ஆகியவற்றின் ஆதரவும் முடிந்தது. அவை அன்றோடு ஓடாமல் போகவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணிப்பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பின்கதவைத் தாழிடாமல் கடையைப் பூட்டிப் போவது மாதிரி.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு மாற்றங்களின் வேகம் கூடியது. மின்னணு விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்பவர்கள் வரை வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளின் விவகாரம் என்று ஒதுங்கியிருந்த நம் மொத்த வியாபாரிகள் பலர், மூன்றே ஆண்டில் அதற்குள் வந்தார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே கட்டி விவரம் அச்சிட்ட அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. 2025 மே மாத விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 முதல், எச்எஸ்என் விவரத்தை வரிப் பதிவு உள்ளவர்களுக்கு விற்றது, இல்லாதவர்களுக்கு விற்றது என்று பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத விகிதங்கள் எடுக்கப்பட்டன. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5க்கு இறங்கின. பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவை 18லிருந்து 5க்கு வந்தன. மளிகைக் கடை ஒன்றின் சரக்குப் பட்டியலில் எத்தனை நூறு வரிகளை ஒரே இரவில் திருத்த வேண்டியிருந்தது என்பது கல்லாவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விகிதம் மாறுவது வேறு, படிவம் மாறுவது வேறு. விகிதத்தை எந்த நல்ல மென்பொருளிலும் நாமே திருத்திக்கொள்ளலாம்; புதிய பதிப்பு தேவையில்லை. 2025 செப்டம்பரில், "புதுப்பித்தால்தான் புது வரி வரும்" என்று யாராவது சொல்லியிருந்தால், திருத்தும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தாலே போதும். ஆனால் படிவம் மாறினால், மின்னணு விலைப்பட்டியலின் அமைப்பு மாறினால், மென்பொருளை எழுதியவர்தான் மாற்றித் தர வேண்டும். ஆகவே 5 கோடிக்கு மேல் விற்பவர்களுக்குப் புதுப்பித்தல் கட்டணம் என்பது மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுவது போன்ற செலவு. கட்டாமல் இருக்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. காம்போசிஷன் கடைக்காரருக்கோ அது பெரும்பாலும் வீண் செலவு. அவருடைய பில்லில் வரியே தனியாகக் காட்டப்படுவதில்லை.

பேரேடு யார் வீட்டில் இருக்கிறது?

பணத்தைவிடப் பெரிய விஷயத்துக்கு இப்போது வருகிறோம். காகிதப் பேரேடு இருந்த காலத்தில் கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனாலும் பேரேடு நம் அலமாரியில் இருந்தது. பேரேடு விற்ற கடைக்காரர், "இந்த மாதம் பணம் வரவில்லை, கொடுங்கள் புத்தகத்தை" என்று கேட்டதில்லை. இணையத்தில் இயங்கும் சந்தா மென்பொருளில் நம் வாடிக்கையாளர் பட்டியல், யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கை என்ன விலைக்கு வாங்கினோம் என்ற எல்லாம் அடுத்தவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சாவிக்குத்தான் மாதாமாதம் வாடகை.

சட்டம் இதில் கறாரானது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டுப் படிவத்துக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2025-26ஆம் ஆண்டுக்கான கெடு 2026 டிசம்பர் 31 என்றால், அந்தக் கணக்கு 2032 டிசம்பர் 31 வரை நம் கைக்கு எட்ட வேண்டும். அதற்குள் சந்தாவை நிறுத்தியிருப்போம், அல்லது விற்ற நிறுவனமே இல்லாமல் போயிருக்கும். நோட்டீஸ் வந்து அதிகாரி பழைய பில்லைக் கேட்கும்போது, "மென்பொருள் கம்பெனிக்காரர் திறந்து விடவில்லை" என்ற பதில் எடுபடாது.

ஆகவே சந்தா பேசுகிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியது இதுதான். சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்கவாவது முடியுமா, எத்தனை நாளைக்கு? பில்கள், கொள்முதல், பார்ட்டி வாரியான பாக்கி, சரக்கு இருப்பு ஆகியவை அனைத்தையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? வாயால் சொல்லும் பதிலை வாங்கிக்கொள்ளாமல், எதிரிலேயே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலை. காட்டத் தயங்குபவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. எடுத்துக் கொடுப்பவரிடமும் மாதம் ஒரு முறை நாமே எடுத்து, கடையில் ஒரு பென் டிரைவிலும் வீட்டில் ஒன்றிலும் வைப்பது நல்லது. ஒரு முறை வாங்கிக் கடைக் கணிப்பொறியில் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குப் பூட்டு விழும் பயம் இல்லை. ஆனால் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் நிற்கும். வேறு கணிப்பொறிக்கு உரிமத்தை மாற்ற எத்தனை முறை அனுமதி, அதற்குத் தனிக் கட்டணமா என்று வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இணையம் நின்றால் பில் போட முடியுமா என்பதையும் சேர்த்தே கேட்கலாம். மாதத் தொடக்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள் வரிசையில் நிற்கும் சாயங்காலத்தில், கேபிள் அறுந்தது என்று துண்டுக் காகிதத்தில் பில் எழுதும் நிலை வரக்கூடாது.

பணம் தானாகப் போகும் வழி

சந்தாவில் நாம் அறியாமல் கசியும் இடம் ஒன்று உண்டு. அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் தானாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும். மென்பொருளைத் தொட்டே ஆறு மாதம் ஆகியிருக்கும். இதில் ரிசர்வ் வங்கியின் விதி நமக்குத் துணை. 2021 அக்டோபர் 1 முதல், இப்படித் தானாக எடுக்கும் தொகைக்கு நாம் முதலில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும். தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் நம் கூடுதல் ஒப்புதல் தேவைப்பட்டது. 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ஆக உயர்த்தப்பட்டது. கொடுத்த ஒப்புதலை வங்கி மூலமாகவே ரத்து செய்யவும் முடியும். மென்பொருள் கம்பெனியின் தொலைபேசியில் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் அழிப்பவர்களுக்குத்தான் நட்டம்.

மாதச் சந்தா என்று சொல்லி ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் விற்பதும் உண்டு. நடுவில் நிறுத்தினால் மீதித் தவணையில் ஒரு பங்கை அபராதமாகக் கேட்பார்கள். இந்த அபராதத்தைச் சரியாகத் தெரிவிக்காமல் மறைத்தது என்று அடோபி மீது அமெரிக்க அரசே 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தது. அந்த ஊரிலேயே அந்த நிலை என்றால், நாம் கையெழுத்திடும் முன் 'மாதம்' என்பது உண்மையிலேயே மாதம்தானா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் கடைப்பிடிப்பதையும் நாம் அறிவோம். ஐந்நூறு ரூபாய்க்குத் திருட்டுப் பிரதி போட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, தெரிந்தே அப்படி உபயோகித்தால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. அதைவிட, பூட்டை உடைத்துக் கொடுத்தவர் நம் கணக்குக்குள் வேறு எதை வைத்துவிட்டுப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு நேர்மையான வழியே இருக்கிறது. விலைப்பட்டியலும் சரக்குக் கணக்கும் எழுத மட்டும் ஆபீஸ் வாங்குபவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீசைப் போட்டுப் பார்க்கலாம். அதில் தமிழ் இடைமுகமும் உண்டு. எக்செல் கோப்புகள் அதில் திறக்கும்.

எங்கே எது பொருந்தும்?

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரே இடத்தில் பல வருடமாகக் கடை நடத்தும், ஒன்றிரண்டு கல்லா உள்ள மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் ஒரு முறை வாங்கும் உரிமமே லாபம். கணக்கு நம் கடைக்குள் இருக்கிறது, ஒரு வருடம் வியாபாரம் மந்தமானால் புதுப்பித்தலைத் தள்ளிப்போடலாம், பூட்டு விழாது. புதிதாகக் கடை போடுபவர் முதலில் சந்தாவில் தொடங்குவதே புத்திசாலித்தனம். முதல் ஆண்டில் 20,000 ரூபாய் அவருக்குச் சரக்காக அலமாரியில் நிற்க வேண்டிய பணம். கடை நிலைத்தால் பிறகு மாறிக்கொள்ளலாம். தீபாவளிக்கு இரண்டு மாதம் மட்டும் பட்டாசுக் கடை போடுபவருக்கு வாடகைதான் சரி. கடை முடிந்ததும் எல்லாப் பில்லையும் எக்செல்லிலும் காகிதத்திலும் எடுத்துவிட்டுச் சந்தாவை நிறுத்தலாம். இரண்டு மூன்று கிளை வைத்து, வீட்டிலிருந்தே எல்லாக் கடையின் இருப்பையும் பார்க்க விரும்புபவர்கள் இணையவழிச் சந்தாவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அவர்கள் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த வசதிக்கு. அதில் குறை சொல்ல நமக்கு எதுவும் இல்லை.

சிறு சிறு வாடகைகள் சேர்வதை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். யுபிஐ பணம் வந்ததைச் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டிக்கு ஒரு வாடகை, அட்டை தேய்க்கும் கருவிக்கு ஒன்று, கேமராப் பதிவுக்கு ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய தொகை இல்லை. இவற்றுக்குப் பேரேட்டில் தனித் தலைப்பு ஒன்று போட்டு எழுதினால், ஆண்டு முடிவில் கூட்டுத்தொகையைப் பார்த்துச் சிலவற்றை நிறுத்தத் தோன்றும்.

மென்பொருள் மாற்றுவதென்று முடிவு செய்தவர்களுக்கு ஏப்ரல் 1 நல்ல நாள். முந்தைய நாள் இருப்பையும் பார்ட்டி பாக்கிகளையும் சரிபார்த்துப் புதியதில் ஏற்றிவிட்டால் ஆண்டுக் கணக்கு இரண்டாக உடையாது. ஆனால் மார்ச் 31ஆம் தேதியோடு பழைய சந்தாவை நிறுத்திவிடக் கூடாது. முடிந்த ஆண்டின் ஜிஎஸ்டி விவரங்களில் திருத்தம் செய்யவும் விட்டுப்போன உள்ளீட்டு வரியை எடுக்கவும் பொதுவாக அடுத்த நவம்பர் 30 வரை அவகாசம் இருக்கிறது. ஆடிட்டர் அதுவரை பழைய கணக்கைத் திறக்கச் சொல்வார். அந்த எட்டு மாதச் சந்தாவையும் சேர்த்தே மாற்றுச் செலவைக் கணக்கிட வேண்டும். நவம்பர் 30 தாண்டியதும், 72 மாதத்துக்கு வேண்டிய கோப்புகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டனவா என்று ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, வங்கியில் கொடுத்த ஒப்புதலை ரத்து செய்துவிடலாம்.